புழுங்கலரிசியும் பெரிபெரி நோயும்: எளியோர் உணவின் வரலாற்றில் ஓர் அதிகாரம்

குறைந்த செலவிலே உடலுக்கு நலம் தரும் உணவை உண்ணுதல் இயலுமா என்னும் வினா இன்று புதிதாகத் தோன்றியதன்று. கூலியாளும் படைவீரனும் சிறைக்கைதியும் அரைவயிற்றுக் குடியானவனும் இருந்து வந்த காலமெல்லாம் இவ்வினாவும் இருந்து வந்துள்ளது. 2022ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதத்தில் கொழும்பு நகரின் உணவு விலைமட்டம், முந்திய ஆண்டின் அதே மாதத்திலும் பார்க்க ஏறக்குறைய 95 வீதம் உயர்ந்திருந்தது. அந்நாள்களிலே இலங்கை முழுவதும் அடுப்படிதோறும் இவ்வினா எழுந்ததில் வியப்பில்லை. இதற்கு விடை கூறுவோர் பெரும்பாலும் இருதிறத்தினர். நல்லுணவு வேண்டுமாயின் கைநிறையப் பணமும் வேண்டும் என்பார் ஒரு சாரார். எளியோர் தம் அறியாமையினாலேயே சத்தற்ற உணவை உண்டு கெடுகின்றனர் என்பார் மற்றொரு சாரார். இவ்விரு கூற்றும் எத்துணை உண்மையுடையன என்பதை வரலாற்றின் துணைகொண்டு சோதித்தல் வேண்டும். அதற்கு ஏற்ற சான்று, தமிழ்மக்கள் நாடோறும் உண்ணும் புழுங்கலரிசியிலேயே அமைந்துள்ளது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் யப்பான் முதல் யாவா வரையுமுள்ள கீழைத் தேயங்களில் ஒரு கொடிய நோய் பரவியது. கால்கள் முதலில் விறைக்கும், நடை தளரும், சிலர்க்கு உடல் வீங்கும், மூச்சுத் திணறும், ஈற்றில் இதயம் சோர்ந்து உயிர் பிரியும். பெரிபெரி என வழங்கும் இந்நோயின் பெயர், ‘இயலாது’ என்னும் பொருள்படும் சிங்களச் சொல் இரட்டித்து வந்தது என்பர். எழுந்து நிற்கவும் இயலாத நிலையைக் குறிக்க இதனினும் பொருத்தமான பெயர் வேறொன்றில்லை. இந்நோய் முதியோரையும் குழந்தைகளையும் மட்டும் பற்றியதன்று. உழைக்கும் பருவத்துத் திடகாத்திரமான ஆடவரையே பெரிதும் பற்றியது. அவரும் வயிறார உண்டவர்களே. பட்டினி கிடந்தோரன்றி உண்டோரே மாண்டமை மருத்துவரை மயங்க வைத்தது. கிருமியே காரணம் என்றனர் சிலர். ஈரநிலத்து நச்சாவி என்றனர் வேறு சிலர்.

அக்காலத்திலே அரிசி வாணிகத்திலும் பெருமாறுதலொன்று நிகழ்ந்தது. 1869ஆம் ஆண்டிற் சுவெசுக் கால்வாய் திறக்கப்பட்டபின், பர்மா, சீயம், கொச்சின்சீனா ஆகிய நாடுகளின் அரிசி உலகச் சந்தைக்குச் செல்லலாயிற்று. றங்கூன், பாங்கொக், சைகோன் ஆகிய துறைமுகங்களில் நீராவி ஆலைகள் எழுந்தன. அவை உமியை மாத்திரமன்றித் தவிட்டையும் முளையையும் நீக்கி, அரிசியைப் பளிச்செனத் தீட்டின. தவிட்டிலுள்ள எண்ணெய் நாட்படக் காறுமாதலின், தவிடு நீங்கிய அரிசியே கப்பலிலும் பண்டகசாலையிலும் கெடாது நிற்கும். வாணிகர்க்கு இது இலாபம். உண்போர்க்குக் கண்ணுக்கினிய வெண்மை. உரலில் இடித்த அரிசியின் பழுப்பு நிறம் நாட்டுப்புறத்தின் அடையாளமாகவும், ஆலையரிசியின் வெண்மை நாகரிகத்தின் அடையாளமாகவும் கருதப்பட்டன. பெரிபெரி இந்த வெள்ளை அரிசியின் பின்னாலேயே ஊர் ஊராகச் சென்றது என்பது பிற்காலத்தார் கண்ட உண்மை.

யப்பானியர் இதனை முன்னரே ஓரளவு அனுபவித்திருந்தனர். ஆலைகள் தோன்றுமுன்பே அந்நாட்டுத் தலைநகரில் வாழ்ந்த செல்வரும் படைக்குடியினரும் தீட்டிய அரிசியை உண்டனர். நாட்டுப்புறத்தார் தலைநகர் சென்றால் நோயுறுவதும் ஊர் திரும்பினாற் குணமடைவதும் கண்டு, அதனை அத்தலைநகரின் பெயராலேயே ‘எடோ நோய்’ என வழங்கினர். பின்னர், கட்டாயப் படைச்சேவைக்கு வந்த ஏழை இளைஞர்க்கு வெண்சோறு நாடோறும் கிடைத்தது. ஊரிலே தினையும் வாற்கோதுமையும் உண்டவனுக்கு அது கிடைத்தற்கரிய பேறாகத் தோன்றியது. அப்பேறே அவனுக்கு நோயாகவும் முடிந்தது.

யப்பானியக் கடற்படை மருத்துவராகிய தக்காக்கி கனெகிரோ என்பார் இலண்டனிற் கல்வி பயின்று மீண்டவர். 1882ஆம் ஆண்டின் இறுதியிற் புறப்பட்டு நியூசிலாந்து, தென்னமெரிக்கா முதலிய இடங்களுக்குச் சென்ற றியூசோ என்னும் பயிற்சிக் கப்பலில் இருந்த 376 பேரில் 169 பேர் பெரிபெரியால் வருந்தினர். 25 பேர் மாண்டனர். தக்காக்கி அரசை வற்புறுத்தி, 1884ஆம் ஆண்டிற் சுக்குபா என்னும் வேறொரு கப்பலை அதே வழியில் அனுப்புவித்தார். இம்முறை உணவு மாற்றப்பட்டது. சோறு குறைந்தது, இறைச்சியும் பாலும் வாற்கோதுமையும் சேர்ந்தன. நோயுற்றோர் 20 பேருக்கும் குறைவு, இறந்தார் ஒருவருமிலர். புரதக் குறைவே நோய்க்குக் காரணம் எனத் தக்காக்கி எண்ணினார். அவர் கூறிய காரணம் பிழையாயினும் கண்ட மருந்து பலித்தது. பின்னர்க் கடற்படை வாற்கோதுமை கலந்த சோற்றை மேற்கொள்ள, நோய் அப்படையினின்றும் ஏறக்குறைய மறைந்தே போயிற்று.

சிக்கனத்தை ஆராய்வோர் நோக்கத்தக்க செய்தி வேறொன்றும் உண்டு. யப்பானியச் சிறைச்சாலைகளிலே, குற்றவாளிகளுக்கு வெண்சோறு மிகையெனக் கருதி, செலவைக் குறைக்கும் பொருட்டு வாற்கோதுமையை மிகுதியாகக் கலந்த சோறு வழங்கினர். அங்கே பெரிபெரி அருகியது. படைவீரனுக்கு அன்போடு அளித்த உயர்ந்த உணவு அவனைக் கொல்ல, கைதிக்கு அலட்சியமாக அளித்த மலிந்த உணவு அவனைக் காத்தது. விலைக்கும் நலத்துக்கும் உள்ள உறவு, மக்கள் எண்ணுவதுபோல நேரானதன்று என்பதற்கு இதனினும் தெளிந்த சான்று காண்டல் அரிது.

யாவாத் தீவிலே ஒல்லாந்தர் ஆட்சி நடந்தது. பத்தேவியாவிலிருந்த ஆராய்ச்சிக்கூடத்தின் தலைவர் கிறித்தியான் எயிக்மன், பெரிபெரிக் கிருமியைக் கண்டுபிடிக்க முயன்றுகொண்டிருந்தார். 1889ஆம் ஆண்டில் அங்கு வளர்த்த கோழிகள் திடீரெனக் கால் தளர்ந்து வீழ்ந்தன. சில மாதங்களில் எஞ்சியவை தாமாகவே தேறின. ஆராய்ந்தபோது அதன் காரணம் சமையற்கட்டிலே கிடைத்தது. படை மருத்துவமனையில் மிஞ்சிய வெண்சோறே சில மாதங்களாகக் கோழிகளுக்கு இடப்பட்டு வந்தது. புதிதாக வந்த சமையற்காரன், படையினர்க்குரிய சோற்றைக் குடிமக்களின் கோழிகளுக்குக் கொடுத்தல் முறையன்று என மறுத்துவிட்டான். கோழிகள் மீண்டும் தவிடு நீங்காத மலிந்த அரிசியை உண்டன, பிழைத்தன. எயிக்மன் இதனைத் தொடர்ந்து சோதித்து, வெள்ளை அரிசி நோயைத் தருவதையும், அரிசியின் உட்தோலும் தவிடும் அதனைத் தீர்ப்பதையும் நிறுவினார்.

கோழிக்கு உற்றது மனிதர்க்கும் உறுமா என்னும் ஐயம் நீங்குதல் வேண்டுமே. யாவாவின் மருத்துவப் பரிசோதகராகிய வோடர்மன் அங்குள்ள 101 சிறைச்சாலைகளிலே கணக்கெடுத்து, 1897ஆம் ஆண்டில் வெளியிட்டார். அக்கணக்கில் அடங்கிய கைதிகள் ஏறக்குறைய 2,80,000 பேர். வெள்ளை அரிசி வழங்கிய சிறைகளில் நாற்பதின்மரில் ஒருவர் அளவிற்குப் பெரிபெரி கண்டது. தவிடு நீங்காத அரிசி வழங்கிய சிறைகளிலோ பதினாயிரவரில் ஒருவருக்கே கண்டது. கட்டடத்தின் பழமை, காற்றோட்டம், நெருக்கம் ஆகியவற்றையும் அவர் ஒப்புநோக்கினார். அவற்றுக்கும் நோய்க்கும் தொடர்பு காணப்படவில்லை. எயிக்மனின் பின் அப்பணியை மேற்கொண்ட கிறைன்சு என்பார், அரிசியின் புறத்தேயுள்ள இன்றியமையாத பொருளொன்று நீங்குதலே நோயின் காரணம் என 1901ஆம் ஆண்டில் எழுதினார். வெள்ளை அரிசியில் நஞ்சு புகவில்லை. அதனின்றும் நலமே அகன்றது என்னும் கருத்து அன்று முற்றிலும் புதியது.

இவ்வளவு அறிந்தபின்னும் உலகம் உடனே திருந்திற்றா? யப்பானியக் கடற்படை கண்ட உண்மையை அந்நாட்டுத் தரைப்படையின் மருத்துவத் தலைவர் ஏற்றிலர். ஜேர்மனியிற் பயின்ற அவர்கள் கிருமிக் கொள்கையையே பற்றி நின்றனர். இலக்கியப் புலமையாற் பெரும்புகழ் பெற்ற மோரி ஓகாய் என்பாரும் அவருள் ஒருவர். 1904-05ஆம் ஆண்டுகளில் நிகழ்ந்த உருசிய-யப்பானியப் போரில் தரைப்படையினர்க்கு வெண்சோறே உணவாயிற்று. இரண்டு இலட்சத்துக்கு மேற்பட்ட வீரர் பெரிபெரியால் நோயுற்றனர். ஏறக்குறைய 27,000 பேர் உயிர் துறந்தனர். போரின் இறுதிக் கட்டமாகிய 1905ஆம் ஆண்டிலேதான் வாற்கோதுமை அப்படையின் உணவிற் சேர்ந்தது. அறியாமை எளியோர்க்கே உரியது என்பார் இவ்விடத்தை ஊன்றி நோக்குதல் வேண்டும். இங்கே தவறியவர் சோறுண்ட வீரர் அல்லர். சோற்றை வகுத்த அறிஞரே.

மலாயாவில் நிகழ்ந்தது தமிழர்க்கு அணுக்கமான வரலாறு. ஈய அகழ்விற்கெனச் சீனத் தொழிலாளரும், இறப்பர்த் தோட்டங்களுக்கும் வீதி, இருப்புப்பாதை வேலைகளுக்குமெனத் தமிழ்நாட்டுத் தொழிலாளரும் அங்கே திரண்டனர். யாழ்ப்பாணத்து இளைஞர் பலர் எழுதுவினைஞராகவும் புகையிரதப் பகுதி உத்தியோகத்தராகவும் சென்று, அங்கு ஈட்டிய பணத்தால் ஊரிலே கல்வீடும் கல்விச்சாலையும் எழுப்பியதும் அக்காலத்தேதான். மூன்று இனத்தவர் ஒரே வெயிலிலும் ஒரே மழையிலும் வாழ்ந்தனர். ஆயினும் பெரிபெரி சீனத் தொழிலாளரையே ஆயிரக்கணக்கிற் கொன்றது. தமிழ்த் தொழிலாளரை அது அணுகவில்லை. மலாய்க் குடியானவர் தாமே விளைத்து வீட்டில் இடித்த அரிசியை உண்டனர், அவரும் தப்பினர்.

நெகிரி செம்பிலான் மாநிலத்து அரசினர் மருத்துவராகிய பிறாடன் இவ்வேறுபாட்டைப் பல்லாண்டு கூர்ந்து நோக்கி, 1907ஆம் ஆண்டில் நூலாக வெளியிட்டார். சீனர் உண்டது சீயத்திலிருந்து வந்த தீட்டிய பச்சையரிசி. தமிழர் உண்டது இந்தியாவிலிருந்து வந்த புழுங்கலரிசி. நோய் இனத்தைப் பற்றியதன்று, அரிசியைப் பற்றியதே என்பது அவர் துணிபு. பழைய பச்சையரிசியில் ஏதோ நஞ்சு தோன்றுவதாக அவர் கருதினார். அக்காரணம் நிலைக்கவில்லை, அவர் கண்ட வேறுபாடு நிலைத்தது.

கோலாலம்பூரின் மனநோயாளர் காப்பகத்தில் மருத்துவர் பிளெச்சர் இதனைச் சோதித்தார். உணவே காரணம் என்பதை அவர் தொடக்கத்தில் நம்பினாரல்லர். 1905ஆம் ஆண்டின் இறுதியில், நோயாளரை உண்ணும் கூடத்தில் வரிசையாக நிறுத்தி எண்ணிட்டு, ஒற்றையெண் பெற்றவரை ஒரு பகுதியிலும் இரட்டையெண் பெற்றவரை மற்றொரு பகுதியிலும் சேர்த்தார். ஒரு பகுதியார்க்குத் தீட்டிய சீயப் பச்சை, மறுபகுதியார்க்குப் புழுங்கல். ஏனைய உணவு இருதிறத்தார்க்கும் ஒன்றே. இடத்தின் தன்மையே நோய்க்குக் காரணமாகலாம் என்னும் ஐயம் நீங்குதற்பொருட்டு, இடையிலே இருதிறத்தாரையும் இடம் மாற்றினார். 1906ஆம் ஆண்டு முடிந்தபோது, பச்சையரிசி உண்ட 120 பேரில் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கினர் நோயுற்றனர். 18 பேர் இறந்தனர். புழுங்கலரிசி உண்ட 123 பேரில் நோய் காணப்பட்டவர் இருவரே. அவ்விருவரும் நோயோடு வந்து சேர்ந்தவர். தம் நம்பிக்கைக்கு மாறாய் வந்த முடிவை மறையாது வெளியிட்ட பிளெச்சரின் நேர்மை போற்றத்தக்கது. எனினும், தம் விருப்பைக் கூறவியலாத மனநோயாளரைக் கொண்டு பெற்ற அறிவு இது என்பதும் மறத்தற்குரியதன்று.

கோலாலம்பூர் மருத்துவ ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த பிறேசர், ஸ்ரான்ரன் ஆகிய இருவரும், காட்டினூடே வீதி அமைத்துக்கொண்டிருந்த ஏறக்குறைய 300 யாவாத் தொழிலாளரிடையே இதனை மேலும் சோதித்தனர். வெள்ளை அரிசி உண்ட கூட்டத்தாரிடையே மூன்று மாத அளவில் நோய் தலைகாட்டியது. அரிசியை மாற்றியதும் அக்கூட்டத்தில் நோய் நின்றது. புதிதாக வெள்ளை அரிசி பெற்ற மறுகூட்டத்திலே தோன்றியது. 1909ஆம் ஆண்டில் அவர் தம் முடிவை வெளியிட்டனர். 1910ஆம் ஆண்டில் மணிலா நகரிற் கூடிய தூரகிழக்கு வெப்பவலய மருத்துவ மாநாடு, தீட்டிய வெள்ளை அரிசியை முதன்மை உணவாக இடையறாது உண்பதோடு பெரிபெரி தொடர்புடையது எனத் தீர்மானித்தது. மலாயாவின் அரசினர் நிலையங்கள் பல புழுங்கலரிசிக்கு மாறின.

புழுங்கல் எவ்வாறு காத்தது என்பதை ஈண்டுச் சுருங்க நோக்குதல் தகும். நெல்லை நீரில் ஊறவைத்து, அவித்து, வெயிலிற் காயவிட்டுப் பின் குற்றுதல் தமிழர் வீடுகளில் நெடுங்காலமாக நிகழ்ந்துவரும் வழக்கம். ஊறும்போதும் அவியும்போதும், தவிட்டிலும் முளையிலுமுள்ள நீரிற் கரையும் சத்துகள் அரிசியின் உள்ளே இறங்குகின்றன. மாப்பொருள் இறுகி மணி வலிமை பெறுகின்றது. ஆகவே குற்றும்போது நொய் குறைகின்றது. ஆலையிலே தீட்டினாலும் உள்ளிறங்கிய சத்து முழுவதும் நீங்குவதில்லை. கழுவும்போதும் இழப்புக் குறைகின்றது. நூறு கிராம் பச்சையரிசியை ஆலையில் தீட்டினால் எஞ்சும் தயமின் என்னும் உயிர்ச்சத்து ஏறக்குறைய 0.06 மில்லிகிராம். அவ்வாறே தீட்டிய புழுங்கலரிசியில் எஞ்சுவது 0.21 மில்லிகிராம். பச்சையரிசியின் மேற் குற்றமில்லை என்பதும் இதனோடு சேர்த்து உணரற்பாலது. உரலிலிட்டு அளவாக இடித்த பச்சையரிசியிலும் இச்சத்து ஏறத்தாழ அவ்வளவே உண்டு. குற்றம் தீட்டுதலின்பாற்பட்டது.

அச்சத்தின் பெயரும் வடிவமும் பின்னரே தெரிய வந்தன. இலண்டனில் ஆராய்ந்த கசிமிர் பங்கு என்பார் 1912ஆம் ஆண்டில் ‘விற்றமின்’ என்னும் சொல்லைப் படைத்தார். 1926ஆம் ஆண்டிற் பத்தேவியாவிலே யான்சன், டொனாத் ஆகிய இருவர் அப்பொருளைத் தவிட்டினின்றும் தூயதாகப் பிரித்தெடுத்தனர். 1929ஆம் ஆண்டில் எயிக்மனுக்கும் ஆங்கிலேயராகிய ஹொப்கின்சுக்கும் நோபற் பரிசு கிடைத்தது. 1936ஆம் ஆண்டில் அதனைச் செயற்கையாக ஆக்கும் வழி கண்ட அமெரிக்க இரசாயனி றொபேட் வில்லியம்சு, சென்னை மாகாணத்து நெல்லூரிற் பிறந்தவர். நெல்லவிக்கும் பானையில் எத்தனையோ தலைமுறையாக நிகழ்ந்ததனை விளக்க, பல கண்டங்களின் அறிவியலுக்கு அரை நூற்றாண்டு வேண்டியிருந்தது.

இந்தியாவிலேயே இதற்கொரு பெரிய சான்று இருந்தது. சென்னை மாகாணம் முழுவதும் சோறுண்ணும் நாடு. ஆயினும் தமிழ் மாவட்டங்களிற் பெரிபெரி அரிது. விசாகப்பட்டினம், கோதாவரி முதலிய வடசர்க்கார் மாவட்டங்களிலோ அது வேரூன்றி நின்றது. குன்னூரில் ஆராய்ச்சி நடாத்திய றொபேட் மக்கரிசனும், அவர்க்குப் பின் 1935ஆம் ஆண்டில் அப்பணியை ஏற்ற ஐக்கிறோயிட்டும் இதனை ஆராய்ந்தனர். தமிழர் உண்டது புழுங்கல். வடசர்க்கார் மக்கள் உண்டது ஆலையில் தீட்டிய பச்சை. ஒரே மாகாணத்தில், ஒரே ஆட்சியின் கீழ், ஏறக்குறைய ஒரே அளவான வறுமையில் வாழ்ந்தோரைப் பிரித்தது அரிசியைப் பக்குவஞ்செய்யும் முறையொன்றே.

இதுகொண்டு தமிழர் உணவு குறைவற்றது எனப் பெருமை கொள்ளுதல் பொருந்தாது. மக்கரிசன் இந்தியாவின் பல்வேறு மக்களின் உணவுகளை எலிகளுக்குக் கொடுத்து அவற்றின் வளர்ச்சியை ஒப்பிட்டார். முழுக்கோதுமை, பால், பருப்பு, கீரை ஆகியன அடங்கிய சீக்கியர் உணவை உண்ட எலிகள் தலைசிறந்து வளர்ந்தன. சோறே பெரும்பகுதியாகிய சென்னை மாகாணத்து உணவை உண்டவை கடைநிலையில் நின்றன. மலாயாத் தோட்டங்களிற் பெரிபெரிக்குத் தப்பிய தமிழ்த் தொழிலாளரை மலேரியாவும் கொழுக்கிப்புழுவும் இரத்தக் குறைவும் வாட்டியதும் வரலாறே. ஒரு நோயினின்றும் காத்தல் வேறு. உடலை முழுதும் வளர்த்தல் வேறு. ஐக்கிறோயிட்டும் அவர்தம் துணைவரும் இக்குறையை நிரப்ப மலிந்த வழிகளையே நாடினர். சோற்றுணவே உண்ட விடுதிச் சிறுவர்க்குக் கொழுப்பு நீக்கிய பாலைக் கொடுக்க, அவர் உயரத்திலும் நிறையிலும் முன்னேறினர். அரிசியின் ஒரு பகுதிக்கு ஈடாகக் குரக்கனையோ கம்பையோ சேர்த்தல் நலம் என்பதும் அவர் காட்டிய வழி. குரக்கனிலுள்ள சுண்ணச் சத்து அரிசியிலுள்ளதினும் முப்பது மடங்கு என்பதை நோக்க இதன் பொருத்தம் விளங்கும்.

இனித் தொடக்கத்திற் கூறிய இரு கூற்றுகளையும் மீண்டும் நோக்குவாம். நல்லுணவிற்கு மிகுபணம் வேண்டும் என்பது முழுவதும் உண்மையன்று. யப்பானியச் சிறையின் வாற்கோதுமைச் சோறும், பத்தேவியாக் கோழிகளின் மலிந்த அரிசியும் அதனை மறுக்கின்றன. ஆயினும் வறுமை ஒரு பொருட்டன்று எனக் கொள்வதும் தவறு. பாலும் மீனும் பருப்பும் மரக்கறியும் போதிய அளவு உண்போன், வெள்ளை அரிசி உண்டாலும் பெரிபெரிக்கு ஆளாகான். சோற்றைத் தவிர வேறொன்றும் வாங்க இயலாதவனுக்கே அரிசியின் தன்மை உயிர்ப்பிரச்சினையாகின்றது. செல்வன் தன் உணவில் ஒன்றை இழந்தால் மற்றொன்று ஈடுசெய்யும். எளியவனுக்கு அந்த ஈடு இல்லை. ஆதலின் அவன் உண்ணும் ஒரு பொருளிலே எதனையும் வீணாக இழத்தலாகாது.

அறியாமையே காரணம் என்னும் கூற்றும் அத்தகையதே. ஈயச்சுரங்கத்துச் சீனத் தொழிலாளி தன் அரிசியைத் தானே தெரிந்துகொண்டவனல்லன். முதலாளி முன்கடனாக அளந்த அரிசியையே அவன் உண்டான். கைதியும் போர்வீரனும் மனநோயாளனும் அவ்வாறே. ஏழையின் உணவைப் பெரும்பாலும் தீர்மானிப்பவர் ஆலையுடையாரும், வணிகரும், பங்கு வகுக்கும் அதிகாரியுமே. அவர் உண்மையை ஏற்றவிடத்து, பெருஞ்செலவின்றி உயிர்கள் காக்கப்பட்டன. ஏலாதவிடத்துப் பல்லாயிரவர் மாண்டனர். எளியோரின் நல்லுணவைப் பற்றிப் பேசுவோர், எளியோர்க்கு மாத்திரம் அறிவுரை கூறி அமைதல் போதாது என்பதே இதனாற் பெறப்படும்.

இலங்கையின் அனுபவமும் இதற்கு அரண் செய்கின்றது. இரண்டாம் உலகப்போருக்கு முன் இந்நாடு தனக்கு வேண்டிய அரிசியில் ஏறக்குறைய மூன்றிலிரண்டு பங்கை இறக்குமதி செய்தது. அதிற் பெரும்பகுதி பர்மாவிலிருந்து வந்தது. 1942ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் றங்கூன் வீழ்ந்ததும் அரிசிப் பங்கீடு இன்றியமையாததாயிற்று. யாழ்ப்பாணத்து மக்கள் குரக்கனையும் ஒடியலையும் மரவள்ளியையும் மீண்டும் நாடினர். 1973-74ஆம் ஆண்டுகளின் தட்டுப்பாட்டிலும் அவ்வாறே நிகழ்ந்தது. தட்டுப்பாடு நீங்கியதும் அவ்வுணவுகள் வறுமையின் அடையாளங்களாகக் கருதப்பட்டுப் பின்தள்ளப்பட்டன.

புழுங்கலுக்கும் அத்தகைய தாழ்வு உண்டு. ஒருமுறை அவிந்ததாதலின் அது கோயில் நிவேதனத்துக்கு ஆகாதென விலக்கப்பட்டது. பச்சை உயர்ந்ததென்றும் புழுங்கல் நாளாந்த வயிற்றுக்குரியதென்றும் ஒரு தரவேறுபாடு எழுந்தது. உரலும் உலக்கையும் மறைந்தமையை எண்ணி வருந்துதலும் முற்றும் பொருந்தாது. குத்தரிசியின் நலத்தைப் போற்றுவோர், அதனைக் குற்றிய பெண்களின் தோள்நோவை எண்ணுவதில்லை. ஆலை அவர்க்கு ஓய்வளித்தது. ஆலை வந்தபின்னும் சத்தை ஓரளவு காத்துத் தருவது புழுங்கல் என்பதே அதன் தனிச்சிறப்பு. அந்நலத்தையும் மீண்டும் மீண்டும் தீட்டிப் போக்கும் வழக்கம் இந்நாளிற் பரவியுள்ளது. தவிட்டைக் கால்நடைக்கும், கஞ்சியை வாய்க்காலுக்கும் கொடுத்து, வெண்மைக்கு மிகுவிலை தந்து வாங்குதல் செல்வர்க்கே அழகன்றெனின், எளியோர்க்கு அது இருமடங்கு இழப்பாகும்.

சிக்கனமான நல்லுணவுக்கு இவ்வரலாறு காட்டும் நெறி அரியதன்று. அளவாகக் குற்றிய புழுங்கலரிசி. அதனோடு இடையிடையே குரக்கன். பயறோ கடலையோ பருப்போ ஒருபிடி. வேலியில் நிற்கும் முருங்கையின் இலை. இயன்றவர்க்குச் சிறுமீனும் மோரும். அரிசியைப் பலகாற் கழுவாமையும் கஞ்சியைக் கொட்டாமையும். இவை வீட்டார் செய்யத்தக்கன. அரிசியை அளவுக்கு மீறித் தீட்டாது விற்பித்தலும், பள்ளிப் பிள்ளைகளுக்கும் மருத்துவமனையில் உள்ளார்க்கும் வழங்கும் சோற்றின் தன்மையைக் கண்காணித்தலும், பருப்பும் பாலும் எளியோர் கைக்கெட்டும் விலையிற் கிடைக்கச் செய்தலும் ஆள்வோர் செய்யத்தக்கன. இவ்விரண்டினுள் ஒன்று மற்றொன்றுக்கு ஈடாகாது.

மலாயாவுக்குக் கப்பலேறிய தமிழ்த் தொழிலாளி தயமினை அறியான், எயிக்மனையும் அறியான். தன் தாயும் பாட்டியும் சமைத்த அரிசியையே கடல் கடந்தும் கேட்டான். பழக்கத்தால் உயிர் தப்பினான். பழக்கம் எப்பொழுதும் நல்வழியே காட்டும் எனக் கொள்ளுதற்கில்லை. ஆயினும் மலிந்தது என்னும் ஒரே காரணத்துக்காக ஓர் உணவை இகழ்ந்து ஒதுக்குமுன், அதிலுள்ளது யாது, நீக்குவது யாது என ஆராய்ந்து தெளிதல் கற்றோர்க்குக் கடனாகும்.